ஜி4 கட்டத்தில் நின்ற குதிரை



சதுரங்கப் பலகையில் ஒரு காயைத் தெரிந்தே எதிராளிக்குக் கொடுத்துவிட்டு, அந்தக் கொடையின் பலத்தாலேயே ஆட்டத்தை வெல்லும் கலையும், அந்தக் கலையில் குதிரைக்கு அமைந்திருக்கும் தனி இடமும் இன்றைய சொற்பொழிவின் பொருளாகும். தாடிக்கொம்பு சௌந்தரராசப் பெருமாள் கோயில் மண்டபத்துக் கல்தூண்களில் உலகளந்த பெருமாளின் தூக்கிய திருவடியையும் விரல் நகம் வரை செதுக்கிய நுணுக்கத்தையும் பார்த்துப் பழகிய ஊர் இது என்பதால், ஒரே ஓர் ஆட்டத்தின் ஒரு சில நகர்த்தல்களை நிதானமாக நின்று பார்க்கும் பொறுமை இந்த அவைக்கு உண்டு என்ற நம்பிக்கையோடு இப்பொருள் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

பலி கொடுத்து வெல்வது துணிச்சலின் வேலையா, அறிவின் வேலையா? துணிச்சல்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்த் ஒரு காயைத் தூக்கிக் கொடுத்தார், எதிராளி திகைத்தார், ஆட்டம் முடிந்தது என்றே செய்திகளும் எழுதப்படுகின்றன. அந்த எண்ணம் தவறானது என்பதே இச்சொற்பொழிவின் வாதம். பலகையில் நிகழ்ந்த பெரும் பலிகளை உற்றுப் பார்த்தால், அவற்றில் துணிச்சல் சிறு பங்குதான் என்பதும், எந்தக் காய் எத்தனை மதிப்புடையது என்ற மனப்பாடக் கணக்கை மீறி, அந்தக் காய் அந்த நொடியில் என்ன வேலை செய்கிறது என்று காணும் கண்தான் அங்கே வென்றது என்பதும் விளங்கும்.

முதலில் அந்த மனப்பாடக் கணக்கையே பார்க்கலாம். சதுரங்கம் கற்கும் குழந்தைக்குச் சிப்பாய் ஒன்று, குதிரை மூன்று, மந்திரி மூன்று, யானை ஐந்து, ராணி ஒன்பது என்று மதிப்பெண் சொல்லித் தரப்படுகிறது. கோட்டை வடிவத்தில் மூலையில் நிற்கும் காயைத்தான் தமிழ்நாட்டில் யானை என்கிறார்கள். இந்தக் கணக்கு பயனுள்ளது, சராசரியில் சரியானது. ஆனால் ராஜாவுக்கு இதில் மதிப்பெண்ணே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ராஜா அகப்பட்டால் மற்ற எல்லா எண்களும் பொருளற்றுப் போகின்றன. அந்த ஒரு வாசல் வழியாகத்தான் பலி என்பதே சதுரங்கத்துக்குள் நுழைகிறது.

ஆஸ்திரிய ஆட்டக்காரர் ருடால்ஃப் ஸ்பீல்மன் 1935இல் வெளியிட்ட நூலில் பலிகளை இரண்டாகப் பிரித்தார். கொடுத்ததைச் சில நகர்த்தல்களுக்குள் திரும்பப் பெறுவதோ உடனே ராஜாவை முடிப்பதோ உறுதியாகக் கண்ணுக்குத் தெரிகிறது என்றால், அது தோற்றத்தில் மட்டுமே பலி; உண்மையில் கடன். முடிவு தெரியாத தூரத்தில் இருக்கும்போதே கொடுப்பதுதான் உண்மையான பலி.

தோற்றப் பலிக்கு 1966இல் மாஸ்கோவில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் பத்தாம் ஆட்டத்தைக் காட்டலாம். டிக்ரான் பெட்ரோசியன், போரிஸ் ஸ்பாஸ்கியின் ராஜாவுக்குப் பக்கத்தில், பலகையின் மூலைக் கட்டத்தில், தன் ராணியையே கொண்டுபோய் வைத்து செக் சொன்னார். ராஜா அந்த ராணியை எடுக்கலாம். எடுத்தே ஆக வேண்டும் என்றும் சொல்லலாம். எடுத்த மறுகணம் வெள்ளைக் குதிரை ஒரு காயை வெட்டிக்கொண்டு, ராஜாவுக்கு செக் சொல்லியபடியே கறுப்பு ராணியையும் தாக்கும். ஒரு காய் ஒரே நேரத்தில் இரண்டு இலக்குகளைத் தாக்கும் இந்த உத்தியை ஆட்டக்காரர்கள் ‘ஃபோர்க்’ என்கிறார்கள். ஸ்பாஸ்கி அதைப் பார்த்தார், பலகையில் நடத்திக் காட்ட விடாமல் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

அந்த ராணிக்குப் பின்னால் நின்ற காய் எது? குதிரை. புகழ்பெற்ற பலிகளைத் தொகுத்துப் பார்க்கும்போது மீண்டும் மீண்டும் குதிரையே ஏன் வந்து நிற்கிறது?

இதற்குக் காரணம் குதிரையின் நடையிலேயே இருக்கிறது. யானை, மந்திரி, ராணி ஆகிய மூன்றும் நேர்கோட்டில் நீள்பவை. அவற்றின் வழியில் ஒரு சிப்பாயை நிறுத்திவிட்டால் தாக்குதல் அறுந்துபோகும். குதிரையின் செக்கையோ குறுக்கே எதையும் வைத்துத் தடுக்க முடியாது. ராஜா விலக வேண்டும், அல்லது குதிரையை எடுக்க வேண்டும், மூன்றாவது வழி கிடையாது. தான் தாக்கும் காய் ராணியாக இருந்தாலும், அந்த ராணியால் அதே இடத்திலிருந்து குதிரையைத் திருப்பித் தாக்க முடியாது. நடுப்பலகையில் எட்டுக் கட்டங்களை ஆளும் குதிரை, மூலையில் இரண்டே கட்டங்களை ஆளுகிறது. ஆகவே அதன் மதிப்பு மூன்று என்று நிலையாக எழுதிவைப்பதைவிட, அது நிற்கும் கட்டத்தைப் பார்த்து எழுதுவதே பொருத்தம். ஒவ்வொரு நகர்த்தலிலும் அது வெள்ளைக் கட்டத்திலிருந்து கறுப்புக்கும், கறுப்பிலிருந்து வெள்ளைக்கும் மாறியே தீர வேண்டும் என்ற கட்டுப்பாடும் உண்டு. பார்ப்பவருக்குத் தாறுமாறாகத் துள்ளுவதுபோல் தோன்றும் காய், உண்மையில் மிகக் கறாரான ஒழுங்குக்கு உட்பட்டது.

அந்த ஒழுங்கைத் தமிழகம் சதுரங்கப் போட்டிகளின் காலத்துக்கு வெகு முன்பே அறிந்திருந்தது என்பதைப் பெருமாள் கோயில் கொண்ட இந்த ஊரில் சொல்வது பொருத்தமாக இருக்கும். காஞ்சிபுரத்துத் தூப்புலில் பிறந்து, 13, 14ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த வேதாந்த தேசிகர், அரங்கனின் திருவடி நிலைகளைப் போற்றி வடமொழியில் இயற்றிய பாதுகா சகஸ்ரத்தின் சித்திரப் பகுதியில், இரண்டு செய்யுள்களைக் குதிரை நடையால் பிணைத்திருக்கிறார். முதல் செய்யுளின் 32 எழுத்துகளை வரிசைக்கு எட்டாக நான்கு வரிசைகளில், அதாவது அரைச் சதுரங்கப் பலகையில் எழுதிவைத்து, முதல் கட்டத்திலிருந்து குதிரை தாவும் முறையில், எந்தக் கட்டத்தையும் இருமுறை மிதிக்காமல் 32 கட்டங்களையும் தொட்டு வாசித்தால், இரண்டாம் செய்யுள் கிடைக்கும். இரண்டும் பொருளுள்ள செய்யுள்கள், இரண்டும் யாப்புக்கு அடங்கியவை. குதிரையின் பாதை கணக்குக்கு அடங்கிய பாதை என்று அறிந்த ஒருவரால்தான் இப்படிச் செய்ய முடியும். 2022இல் மாமல்லபுரத்தில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது, வேட்டி கட்டிக் கைகூப்பி நின்ற ‘தம்பி’ என்ற சின்னத்துக்குக் குதிரை முகம் வைத்தவர்கள் இதை எண்ணினார்களோ இல்லையோ, இந்த மண்ணில் அந்தத் தேர்வு வெகு பொருத்தமாக அமைந்துவிட்டது.

இனி, இன்றைய பொருளின் நடுநாயகமான ஆட்டத்துக்கு வரலாம்.

2013ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள். தமிழ்நாட்டில் மாட்டுப் பொங்கல். நெதர்லாந்தின் கடலோர ஊரான விக் ஆன் ஜீயில், டாடா ஸ்டீல் போட்டியின் நான்காம் சுற்றில், அன்றைய உலக வெற்றியாளரான விசுவநாதன் ஆனந்த் கறுப்புக் காய்களோடும், ஆர்மீனியாவின் லெவோன் அரோனியன் வெள்ளைக் காய்களோடும் அமர்ந்தார்கள். அரோனியன் எளிய எதிராளி அல்லர். உலகத் தரவரிசையின் முன்னணியில் இருந்தவர், கற்பனை வளத்துக்குப் பெயர்பெற்றவர். ஆட்டம் 23 நகர்த்தல்களில் முடிந்தது. அந்த அளவு ஆட்டக்காரர்களிடையே இத்தனை சீக்கிரம் கறுப்பு வெல்வது மிக அரிது.

பன்னிரண்டாம் நகர்த்தலில் வெள்ளைக் குதிரை ஒன்று ஆனந்தின் ராஜாப் பக்கம் தாவி வந்தது. பதின்மூன்றாவதில் அது எச்7 கட்டத்திலிருந்த சிப்பாயை வெட்டியது. அங்கு நின்றபடியே எஃப்8 கட்டத்திலிருந்த யானையையும் தாக்கியது. ஒரு சிப்பாய் போய்விட்டது, ஒரு யானை ஆபத்தில் இருக்கிறது. சாதாரண ஆட்டக்காரர் என்ன செய்வார்? குதிரையை எடுப்பார், அல்லது யானையை விலக்குவார். ஆனந்த் இரண்டையும் செய்யவில்லை. தன் குதிரையை ஜி4 கட்டத்துக்கு, வெள்ளை ராஜாவின் வாசலுக்கு, கொண்டுபோய் நிறுத்தினார். ஜி4 கட்டத்தில் நின்ற அந்தக் கறுப்புக் குதிரையை அவை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆட்டம் முழுவதும் அதைச் சுற்றியே நடக்கிறது.

வெள்ளை தன் ராஜாவைக் காக்க ஒரு சிப்பாயை முன்னே தள்ளியது. நடுவில் சிப்பாய்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. அதனால் வெள்ளை ராஜாவை நோக்கிச் செல்லும் ஒரு மூலைவிட்டப் பாதையில் அடைப்பு குறைந்தது. அப்போது வந்தது முதல் அதிர்ச்சி. ஆனந்த் தன் மந்திரியைச் சி5 கட்டத்தில், வெள்ளைச் சிப்பாய் ஒன்று வெட்டக்கூடிய இடத்தில் வைத்தார். சிப்பாய் அதை வெட்டினால், மற்றொரு கறுப்புக் குதிரை அதே கட்டத்துக்குப் பாய்ந்து அந்தச் சிப்பாயை எடுக்கும்; டி வரிசை திறந்துவிடும்; வெள்ளை மந்திரியை அந்தக் குதிரையும் கறுப்பு ராணியும் சேர்ந்து தாக்கும்; அடுத்து ராணி நடுப்பலகையிலிருந்து செக் சொல்லக் காத்திருக்கும். அரோனியன் அதை எடுக்கவில்லை. பதிலாகத் தன் மந்திரியை இ2 கட்டத்துக்கு இறக்கி, ஜி4இல் நின்ற குதிரையை விரட்டப் பார்த்தார். மிக இயல்பான நகர்த்தல் அது.

பதினாறாம் நகர்த்தலில் ஆனந்தின் பதில், சதுரங்கம் உள்ளவரை பேசப்படும். விரட்டப்பட்ட குதிரை அசையவில்லை. இரண்டாவது குதிரை பின்னாலிருந்து இ5 கட்டத்துக்கு வந்து நின்றது. எப்படிப்பட்ட கட்டம் அது? இரண்டு வெள்ளைச் சிப்பாய்களில் எது வேண்டுமானாலும் அந்தக் குதிரையை வெட்டலாம். இப்போது பலகையை எண்ணிப் பார்க்க வேண்டும்: இ5 குதிரையை வெட்டலாம், ஜி4 குதிரையை வெட்டலாம், சி5 மந்திரியை வெட்டலாம், எஃப்8 யானையை வெட்டலாம். நான்கு கறுப்புக் காய்கள் ஒரே நேரத்தில் வெள்ளையின் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கின்றன, நான்கில் ஒன்றைக்கூட ஆனந்த் அவசரமாகக் காப்பாற்றவில்லை.

ஏன்? இ5 குதிரையைச் சிப்பாயால் வெட்டினால் என்ன ஆகும்? அந்தக் குதிரை டி வரிசையை விட்டு விலகியதால் ராணிக்கு வழி பிறந்திருக்கிறது. ராணி டி4 கட்டத்தில் வந்து செக் சொல்லும். வெள்ளை ராஜா மூலைக்கு, எச்1 கட்டத்துக்கு, ஒதுங்கும். உடனே கறுப்பு ராணி ராஜாவை ஒட்டிய ஜி1 கட்டத்தில் தன்னையே கொண்டுபோய் வைக்கும். ராஜாவால் அதை எடுக்க முடியாது, சி5 மந்திரி அந்தக் கட்டத்தைக் காவல் காக்கிறது. யானைதான் எடுக்க வேண்டும். யானை எடுத்ததும், ஜி4 குதிரை எஃப்2 கட்டத்துக்குத் தாவி செக் சொல்லும். ராஜாவின் ஒரு பக்கம் தன் யானை, முன்னே தன் இரு சிப்பாய்கள். நகர ஒரு கட்டம்கூட இல்லை. அதுவே செக்மேட். சொந்தப் படையே ராஜாவை மூச்சடைக்கச் செய்யும் இந்த முடிவை 1497இல் ஸ்பெயின் நாட்டு லூசெனா அச்சிட்ட நூலிலேயே காணலாம். ஐந்நூறு ஆண்டுப் பழைய உத்தி, உலக வெற்றியாளர் ஒருவரின் ஆட்டத்தில் மறைந்திருந்து காவல் காத்தது.

இங்கே ஒரு நுட்பத்தைத் தவறவிடக் கூடாது. அந்தக் கடைசிக் குதிரைத் தாவலைச் சி2 கட்டத்தில் நின்ற வெள்ளை ராணி ஏன் தடுக்கவில்லை? அது எஃப்2 கட்டத்தோடு ஒரே கிடைவரிசையில் நிற்கிறது. நேராகச் சென்று குதிரையை எடுத்துவிடலாமே? எடுக்க முடியாது, ஏனெனில் அதன் வழியில், இ2 கட்டத்தில், வெள்ளையின் சொந்த மந்திரி நிற்கிறது. எந்த மந்திரி? குதிரையை விரட்டுவதற்காக அரோனியன் ஒரு நகர்த்தல் முன்னால் இறக்கிய அதே மந்திரி. திண்டுக்கல் பூட்டுக்குள் இருக்கும் லீவர்கள் ஒவ்வொன்றும் தனக்குரிய உயரத்துக்கு எழுந்தால்தான் சாவி திரும்பும், ஒன்று மயிரிழை தாழ்ந்திருந்தாலும் திரும்பாது என்பது இந்தப் பகுதி மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜி4 குதிரை, சி5 மந்திரி, திறந்த டி வரிசை, இ2இல் வழிமறிக்கும் வெள்ளை மந்திரி ஆகிய நான்கும் அந்த ஒரு நொடியில் தத்தம் இடத்தில் இருந்தன, நான்காவதை எதிராளியே எழுப்பிக் கொடுத்தார். ஒரு நகர்த்தல் முன்னால் அதே குதிரையைக் கொடுத்திருந்தால் இந்த முடிவு கிடைத்திருக்காது.

ஆகவே அரோனியன் இ5 குதிரையைத் தொடவில்லை. மந்திரியால் ஜி4 குதிரையை வெட்டினார். ஆனந்தின் மந்திரி நடுச்சிப்பாயை வெட்டி செக் சொன்னது. வெள்ளை ராஜா மூலைக்குப் போயிற்று. இ5இல் நின்ற குதிரை பாய்ந்து வெள்ளை மந்திரியை வெட்டி, விழுந்த தோழன் நின்ற அதே ஜி4 கட்டத்தில் நின்றது. ஒரு குதிரை போயும் அந்தக் கட்டம் காலியாகவில்லை. வெள்ளைக் குதிரை இப்போதுதான் தான் காத்திருந்த யானையை வெட்டியது. கணக்குப்படி வெள்ளைக்கு ஒரு யானை அதிகம், ஐந்து மதிப்பெண் லாபம். அந்த வெள்ளைக் குதிரையை ஆனந்த் உடனே எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. ஒரு சிப்பாயை எஃப்5 கட்டத்துக்குத் தள்ளினார். அந்தச் சிறு நகர்த்தல் வெள்ளை ராணி எச்7 கட்டத்துக்கு வரும் பாதையை அடைத்தது, ஜி4 குதிரைக்கு முட்டுக்கொடுத்தது. யானைகள் விழும் களத்தில் சிப்பாயைத் தள்ளும் அந்த நிதானம், மேலே சொன்ன எல்லாப் பலிகளையும்விடப் பெரியது என்று சொன்னாலும் மிகையில்லை.

வெள்ளைக் குதிரையின் பயணத்தையும் பார்க்க வேண்டும். அது ஒரு சிப்பாயை எடுத்தது, ஒரு யானையை எடுத்தது, பிறகு தன் ராஜாவைக் காக்க ஜி6 கட்டத்துக்கு வந்து அங்கே ராணியிடம் விழுந்தது. அது எடுத்தவை ஆறு மதிப்பெண் அளவு காய்கள். கறுப்புக் குதிரைகளோ, இரண்டும் சேர்ந்து, ஒரே ஒரு மந்திரியைத்தான் எடுத்தன. எடுத்த குதிரை தோற்றது, நின்ற குதிரைகள் வென்றன.

இத்தனையும் பலகைக்கு முன்னால் அமர்ந்து அந்த நொடியில் தோன்றியதா? இல்லை. 2012இல் மாஸ்கோவில் போரிஸ் கெல்ஃபாண்டுக்கு எதிரான உலகப் பட்டப் போட்டிக்காக ஆனந்தும் அவருடைய உதவியாளர்களும் செய்துவைத்த ஆயத்தத்தில் இந்த வழி ஆராயப்பட்டிருந்தது. அங்கே அது பயன்படவில்லை. மறு ஆண்டு பயன்பட்டது. இதனால் ஆட்டத்தின் பெருமை குறைகிறதா என்று கேட்பவர்கள் உண்டு. குறையவில்லை. இன்னும் பின்னால் போனால், 1907இல் லோட்ஸ் நகரில் அகிபா ரூபின்ஸ்டைன், ரோட்லெவியை வென்ற ஆட்டம் நிற்கிறது. அதிலும் ஜி4 கட்டத்தில் ஒரு கறுப்புக் குதிரை, அதிலும் வெள்ளை ராஜாவை நோக்கிய இரண்டு மூலைவிட்டங்களில் இரண்டு மந்திரிகள், அதிலும் தன் ராணியையே எடுக்கவிட்டு நடத்திய முடிவு. அந்த ஆட்டத்தின் சாயலை ஆனந்தே ஆட்டம் முடிந்ததும் நினைவுகூர்ந்தார். ஒரு நூறாண்டு இடைவெளியில் இரண்டு மனிதர்கள் ஒரே அமைப்பின் உயிரைக் கண்டுகொண்டார்கள் என்றால், அது படித்தவன் நினைவில் வைத்திருந்ததன் பயன்.

இந்த வாதத்துக்கு எதிராக ஒரு பெரும் பெயரைச் சொல்லலாம்: மிகைல் தால். 1960இல் மாஸ்கோவில், மிகைல் போட்வின்னிக்குக்கு எதிரான ஆறாம் ஆட்டத்தில், 23 வயதுத் தால் தன் குதிரையை எஃப்4 கட்டத்தில் பலியிட்டார். அரங்கத்தில் எழுந்த ஆரவாரத்தால் ஆட்டக்காரர்களைத் தனியறைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. தற்காக்க வழி இருந்தது என்பதைப் பின்னாளைய ஆய்வுகள் காட்டின. ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, போட்வின்னிக் அந்த வழியைக் காணவில்லை. ஸ்பீல்மன் சொன்ன உண்மையான பலி இதுதான். இதில் துணிச்சலின் பங்கு கூடுதல் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனாலும், தால் அந்தக் குதிரையைக் கண்மூடிக் கொடுக்கவில்லை. அடைபட்டுக் கிடந்த தன் மற்ற காய்கள் அந்தப் பலியால் எந்தெந்தப் பாதைகளில் உயிர்பெறும் என்பதை அவர் கண்டிருந்தார். அவர் பெயரைத் தாங்கிய சென்னைச் சதுரங்கக் கழகத்தில்தான், சோவியத் பண்பாட்டு மையத்தின் கூடத்தில், சிறுவன் ஆனந்த் தன் விளையாட்டைக் கூர்தீட்டிக்கொண்டார் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சிறுவர்கள் நிறைந்த அவையாதலால் பாபி ஃபிஷரைத் தொடாமல் செல்ல முடியாது. 1956இல் நியூயார்க்கில் டொனால்ட் பைர்னுக்கு எதிராக ஆடியபோது ஃபிஷருக்கு வயது 13. ஓரத்துக் குதிரை பலமற்றது என்று எல்லா ஆசிரியர்களும் சொல்லித் தருகிறார்கள்; அவர் தன் குதிரையைப் பலகையின் ஓரத்தில், ஏ4 கட்டத்தில், எதிராளியின் குதிரை எடுக்கக்கூடிய இடத்தில் வைத்தார். எடுத்தால் அவருடைய மற்றொரு குதிரை நடுவில் ஒரு சிப்பாயை வெட்டி, ராணியையும் மந்திரியையும் ஒரே நேரத்தில் தாக்கும். சில நகர்த்தல்கள் கழித்து ராணியையே எடுக்கவிட்டார். அதற்கு ஈடாக, மந்திரிக்கு முன்னால் நின்ற குதிரை விலகி விலகி, பின்னால் மறைந்திருந்த மந்திரியின் செக்கைத் திறந்துவிட்டபடி காய்களைத் திரட்டியது. ஒரு யானை, இரண்டு மந்திரிகள், ஒரு சிப்பாய் கிடைத்தன. எட்டாம் வகுப்புப் பிள்ளையின் வயதில் அதைச் செய்தவர், அதற்கு முன்பு கைக்குக் கிடைத்த சதுரங்க நூல்களையெல்லாம் படித்துத் தீர்த்தவர் என்பதையும் மறக்கக் கூடாது.

விக் ஆன் ஜீ ஆட்டத்தின் கடைசி நகர்த்தல் இன்னும் சொல்லப்படவில்லை. வெள்ளை ராஜா எச்1 கட்டத்தில், வெள்ளைச் சிப்பாய்கள் ஜி2, எச்3 கட்டங்களில், வெள்ளை ராணி டி3 கட்டத்தில், கறுப்பு ராணி எச்5 கட்டத்தில், கறுப்பு மந்திரிகள் பி7, டி4 கட்டங்களில், குதிரை ஜி4 கட்டத்தில். எச்3 சிப்பாய் குதிரையை வெட்ட முடியாது. விலகினால் எச் வரிசையில் கறுப்பு ராணி ராஜாவைத் தாக்கும். ஜி2 சிப்பாயும் அசைய முடியாது. பி7 மந்திரி அதன் வழியாக ராஜாவைக் குறிவைத்திருக்கிறது. எச்3 சிப்பாயைக் காப்பது டி3இல் நிற்கும் ராணி ஒன்றுதான். ஆனந்த் டி4 மந்திரியை இ3 கட்டத்தில், அந்த ராணிக்கும் அந்தச் சிப்பாய்க்கும் இடையில் வைத்தார். அரோனியன் தோல்வியை ஒப்புக்கொண்டார். அந்த மந்திரியை வெள்ளை மந்திரி வெட்டினால், கறுப்பு ராணி எச்3இல் செக் சொல்லி அடுத்த நகர்த்தலில் ஜி2இல் முடிக்கும். வெள்ளை ராணி வெட்டினால், ஜி4 குதிரை அந்த ராணியை எடுக்கும்.  வீட்டில் பலகை உள்ள மாணவர்கள் இந்த நிலையை அடுக்கி, வெள்ளைக்கு வேறு தற்காப்பு உண்டா என்று ஒவ்வொரு காயாக நகர்த்தித் தேடிப் பார்க்கட்டும். பெரியவர்களும் கூட அமரட்டும்.